மரை பொருந்தும், ஃபோகஸ் பொருந்துமா? பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் வேற்று லென்ஸ்

ஆச்சிக்கு 86 வயது. இரண்டு காதிலும் பாம்படம் தோள் வரை தொங்குகிறது. எங்கள் சேரன்மகாதேவி வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் மாலை வெயில் சாய்ந்து விழுந்த நேரத்தில், தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த லைக்கா 3எஃப் கேமராவில் ஆச்சியைப் படம் எடுத்தேன். ஒரு மீட்டர் தூரம். முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கண்ணிமையின் ஓரத்தில், கேமராவின் ஜன்னலில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது பாம்படத்தின் பட்டையும் உருண்டையும் கூர்மையாக விழுந்திருந்தன. கண் பனி மூடினாற்போல் மங்கியிருந்தது. அடுத்தடுத்து எடுத்த ஆறு படங்களிலும் அதே கதைதான்.

கை நடுங்கியிருந்தால் படம் முழுக்கக் கலங்கியிருக்கும். ஆச்சி அசைந்திருந்தால் ஒரு படத்தில் முன்னாலும் மறு படத்தில் பின்னாலும் கூர்மை மாறி மாறி விழுந்திருக்கும். ஆறிலும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் பிழை இருக்கிறதென்றால் அது கருவிக்குள் இருக்கிற பிழை. பாளையங்கோட்டையில் வெகுகாலம் கேமரா பழுது பார்த்து ஓய்ந்த ஓர் அண்ணாச்சியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேமராவைத் தொடுவதற்கு முன்பே லென்ஸைக் கழற்றி, அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“உடல் ஜெர்மனி, லென்ஸ் ரஷ்யா. மரை பிடித்துக்கொண்டது என்பதற்காக இரண்டுக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிட்டீர்களா, தம்பி?”

அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைத்த கேமராவுக்கு இணையத்தில் லென்ஸ் தேடி வாங்குகிற இளைஞர்கள் நம் பக்கத்திலும் பெருகிவிட்டார்கள். விற்பவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரே உத்தரவாதம் “மாட்டும்” என்பதுதான். மாட்டும் என்பது பாதி உண்மை.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காட்டுகிற உருவமே கண்ணுக்கு வரும். அது கூர்மையாகத் தெரிந்தால் கூர்மை. இங்கே கேமராவின் முகப்பில் இடைவெளி விட்டு இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கின்றன. இரண்டிலிருந்தும் வருகிற உருவங்கள் கண்ணுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒன்று நிலையானது, மற்றொன்று நகரும். நகர்த்துவது ஒரு சிறு நெம்புகோல். லென்ஸ் மாட்டும் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் அதன் நுனியில் ஒரு சின்ன உருளைச் சக்கரம் தெரியும். லென்ஸின் பின்புறப் பித்தளை வளையத்தை அந்தச் சக்கரம் தொட்டுக்கொண்டே இருக்கும். லென்ஸைத் திருகினால் வளையம் முன்னும் பின்னும் போகும், சக்கரம் தொடரும், உருவம் நகரும். அவ்வளவுதான். லென்ஸுக்குள் என்ன கண்ணாடி இருக்கிறது, அது எங்கே உருவத்தை விழச் செய்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. வளையம் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் தொட்டுப் பார்த்து, “அப்படியானால் பொருள் இத்தனை தூரத்தில் இருக்க வேண்டும்” என்று நம்பிக்கொள்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை அளவு வேண்டும். ஒரு மீட்டரில் இருக்கும் பொருளைப் பிடிக்க 35 மி.மீ. லென்ஸ் முடிவிலி நிலையிலிருந்து, அதாவது வெகுதூரப் பொருளுக்காக நிற்கும் இடத்திலிருந்து, சுமார் 1.3 மி.மீ. முன்னே வந்தால் போதும். 50 மி.மீ. லென்ஸ் 3 மி.மீ. வர வேண்டும். 90 மி.மீ. லென்ஸுக்கு 10 மி.மீ. தேவை. கேமராவின் நெம்புகோலுக்கோ ஒரே பாஷைதான் தெரியும், 50 மி.மீ. லென்ஸின் பாஷை. மற்ற லென்ஸ்கள் எல்லாம் தங்கள் நகர்வை அந்தப் பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகவே அவற்றுக்குள் வேறு மரை வெட்டிய இரண்டாவது வளையம் ஒன்று இருக்கிறது. 90 மி.மீ. லென்ஸின் கண்ணாடி 10 மி.மீ. முன்னே போகும்போது அதன் பின்வளையம் 3 மி.மீ. மட்டும் போகும்.

சிக்கல் தொடங்குவது, அந்த 50 மி.மீ. என்பது உண்மையில் எத்தனை மி.மீ. என்ற கேள்வியில்தான். லென்ஸின் முகத்தில் பொறித்திருக்கும் எண் ஒரு பெயர் மாதிரி. லைக்கா தன் ரேஞ்ச்ஃபைண்டருக்கு எடுத்துக்கொண்ட உண்மையான குவியத்தூரம் 51.6 மி.மீ. இன்னொரு ஜெர்மன் நிறுவனமான ஜெய்ஸ் தன் கான்டாக்ஸ் கேமராவுக்கு எடுத்துக்கொண்டது 52.4 மி.மீ. என் ரஷ்ய லென்ஸ் பிறந்தது அந்த ஜெய்ஸ் கணக்கில். வேறுபாடு 0.8 மி.மீ. மட்டுமே. ஆனால் ஆச்சியின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே விழுந்தது அந்த 0.8 மி.மீ.தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படச்சுருளிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் பொருளுக்கு 51.6 லென்ஸ் 2.98 மி.மீ. முன்னே வர வேண்டும். 52.4 லென்ஸ் 3.08 மி.மீ. வர வேண்டும். லைக்கா உடலில் 52.4 லென்ஸை மாட்டினால், வளையம் 2.98 மி.மீ. நகர்ந்ததுமே கேமரா இரட்டை உருவத்தை ஒன்றாக்கிக் காட்டிவிடுகிறது. நாமும் நம்பி நிறுத்திவிடுகிறோம். லென்ஸோ இன்னும் 0.1 மி.மீ. வந்திருக்க வேண்டும். ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அது. எஃப் 1.5 துளையில் (எண் சிறிதானால் துளை பெரிது), ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் கூர்மையாகவே தெரியும் என்று வழக்கமாகக் கொள்ளும் 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை வைத்துப் பார்த்தால், படச்சுருளின் தளத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை இருபுறமும் 0.045 மி.மீ.தான். ஆக இரண்டு மடங்குக்கு மேல் தவறிவிட்டது. வெளியே இதன் விளைவு, கூர்மையின் தளம் ஏறத்தாழ 3 செ.மீ. பின்னால் போய் விழுவது. அந்தத் துளையில், அந்தத் தூரத்தில் கூர்மையின் ஆழமே முன்னும் பின்னுமாகச் சேர்த்து 3 செ.மீ. அளவுதான். கண் வெளியே, பாம்படம் உள்ளே.

தாத்தா இதை ஒருபோதும் சந்தித்திருக்க மாட்டார். அவர் வைத்திருந்தது கேமராவோடு வந்த எல்மார், எஃப் 3.5. அந்த லென்ஸ் இந்தக் கேமராவின் கணக்கில் பிறந்தது. தவிர, 3.5 துளையில் பொறுத்துக்கொள்ளும் இடம் 0.1 மி.மீ. இருக்கிறது. தாத்தாவின் படங்களெல்லாம் கூர்மையாக இருந்ததற்கு அவர் கைத்திறனோடு இதுவும் ஒரு காரணம்.

நான் வாங்கியது யூபிட்டர்-3. இந்த லென்ஸின் வரலாறு தெரிந்தால் பிழையும் புரிந்துவிடும். லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தபோது லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல் 39 மி.மீ. மரை வந்தது. ஆனால் ஒவ்வொரு லென்ஸையும் ஒவ்வோர் உடலுக்கும் தனியாக ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1931இல்தான் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து படச்சுருள் வரையான தூரம் 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தப்பட்டது. அப்படி நிலைப்படுத்திய உடல்களின் வாய் வளையத்தில் ஒரு சிறு ‘0’ பொறித்திருப்பார்கள். 1932இல் லைக்கா 2 கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது. அதே ஆண்டு ஜெய்ஸ் கான்டாக்ஸைக் கொண்டுவந்தது. அதற்காக லூட்விக் பெர்ட்டேலே வடிவமைத்த லென்ஸ்தான் சோனார்.

சோவியத் நாட்டில் கார்க்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்ற பெயரில் லைக்காவின் நகல் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போர் இழப்பீடாக ஜெய்ஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத் கைக்குப் போயின. கான்டாக்ஸ் 1947 முதல் கீவ் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. சோனார் லென்ஸ் யூபிட்டர் ஆனது. பிறகு அதே யூபிட்டரை ஃபெட், ஸோர்க்கி கேமராக்களுக்காக லைக்கா மரையிலும் செய்தார்கள். ஜெய்ஸ் கணக்கில் பிறந்த கண்ணாடி, லைக்கா வழி வந்த மரைக்குள் புகுந்தது இப்படித்தான்.

இதே கதை ஜப்பானிலும் நடந்தது, தலைகீழாக. நிக்கான் தன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குக் கான்டாக்ஸின் பயனெட் மவுண்டை, அதாவது மரையில்லாமல் செருகிச் சற்றே சுழற்றிப் பூட்டும் வாயை, அப்படியே எடுத்துக்கொண்டது. அளவை மட்டும் 51.6 ஆக வைத்துக்கொண்டது. அதனால் கான்டாக்ஸ் லென்ஸ் நிக்கானில் சிக்கென்று மாட்டும். 35 மி.மீ., 28 மி.மீ. அகலக் கோண லென்ஸ்களில் கூர்மையின் ஆழமே பிழையை விழுங்கிவிடும். 50க்கும் அதற்கு மேலும் போனால் அருகிலிருக்கும் முகத்தில் தவறும்.

இங்கே என் கருத்தை அழுத்தியே சொல்கிறேன். மரை ஒன்றுதானே என்று வாங்குவதைப் போல ஏமாற்றம் தருவது வேறில்லை. 39 மி.மீ. மரை உலகத்தில் எதற்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். தொடக்க கால ஸெனிட் எஸ்.எல்.ஆர். லென்ஸ்களிலும் அதே மரைதான். அவை 45.2 மி.மீ. தூரத்துக்குச் செய்யப்பட்டவை, நெம்புகோலைத் தொடும் வளையமும் கிடையாது. மாட்டினால் அழகாக மாட்டும், எந்தத் தூரத்தில் இருக்கும் எதுவும் கூர்மையாக விழாது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் இருட்டறையில் தூங்கிக்கொண்டிருக்கும் என்லார்ஜர் லென்ஸ்களிலும் பல அதே 39 மரைதான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் அப்படி ஒன்றைக் கேமரா லென்ஸ் என்று சொல்லி என் நண்பர் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாட்டுவதாலேயே சேதம் வரும் இணைகளும் உண்டு. யூபிட்டர்-12 என்ற 35 மி.மீ. லென்ஸின் பின்கண்ணாடி குமிழாக உள்ளே நீண்டிருக்கும். ஷட்டருக்கு முன்னால் ஒளிமானி வைத்த உடல்களில் அது இடிக்கும். லைக்கா எம்5, சி.எல். ஆகியவற்றில் ஒளிமானி ஒரு கையின் நுனியில் உள்ளே எழுந்து நிற்கிறது. மடக்கும் லென்ஸை அங்கே மடக்கினால் அந்தக் கை ஒடியலாம். போருக்கு முந்தைய 35 மி.மீ. பயோகான், போருக்குப் பிந்தைய கான்டாக்ஸ் 2ஏ உடலுக்குள் போகவே போகாது, ஒரே நிறுவனமாக இருந்தும். கண்ணாடி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

1954இல் வந்த லைக்கா எம்3 முதல் மவுண்ட் பயனெட் ஆகி, தூரம் 27.8 மி.மீ. ஆனது. பழைய மரை லென்ஸுக்கு நடுவே சரியாக 1 மி.மீ. வளையம் வைத்தால் போதும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. ஒரு தலைமுறையின் லென்ஸ்கள் வீணாகாமல் காப்பாற்றிய நல்ல மனசுக்காரர்களை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்த வளையம் 1 மி.மீ. ஆகவே இருக்க வேண்டும். மலிவான வளையம் 0.05 மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ எஃப் 1.5இன் முழு இடமும் அதிலேயே தீர்ந்துவிடும்.

நெம்புகோலின் நுனியும் எல்லாக் கேமராவிலும் ஒன்றல்ல. லைக்காவில் உருளைச் சக்கரம். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் ஆப்பு வடிவத்தில் ஒரு மூக்கு. பின்புறம் முழு வளையமாக இருக்கும் லென்ஸை இரண்டும் சரியாகத் தொடும். சில பழைய நீளக் குவிய லென்ஸ்களில் வளையத்துக்குப் பதில் ஒரு சிறு நாக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாக்கு மூக்கில் சரியான இடத்தில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் கேமராவின் முடிவிலி. பாளையங்கோட்டை மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரிகிறது, அதையே பிடிக்கலாம் என்று தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன், ஒரு மணி நேரம் வீணானது. ரேஞ்ச்ஃபைண்டர் உருவத்தைப் பக்கவாட்டில்தான் நகர்த்துகிறது. மலையின் முகடு படுக்கைக் கோடு. படுக்கைக் கோட்டின்மேல் படுக்கைக் கோடு நகர்ந்தால் சேர்ந்ததா விலகியதா என்று கண்ணுக்குத் தெரியாது. நிமிர்ந்து நிற்கும் ஒன்று வேண்டும். பணகுடிப் பக்கம் போனால் காற்றாலைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், அரை கிலோமீட்டருக்கு அப்பால் தனித்து நிற்கும் ஒரு பனை போதும். 500 மீட்டரில் இருக்கும் பொருளுக்கும் முடிவிலிக்கும் 50 மி.மீ. லென்ஸின் நகர்வில் உள்ள வேறுபாடு 0.005 மி.மீ.தான். காலையிலேயே பார்த்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்து பனை நெளியத் தொடங்கிவிடும். லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போது இரண்டு பனை ஒரு பனையாக வேண்டும்.

அடுத்தது அருகில். இதற்கு நான் கண்டுபிடித்த அளவுகோல், வீட்டில் இருந்த பத்தமடைப் பாய். பாயில் நூல் பாவு நீளவாக்கில் ஓடும், கோரை குறுக்கே வரிவரியாக அடுக்கியிருக்கும். அந்த வரிகளே ஆழத்தை அளக்கும் கோடுகள். பாயைத் தரையில் விரித்து, கேமராவை முக்காலியில் வைத்து 45 பாகை சாய்வில் கீழ்நோக்கிப் பிடித்தேன். கோரை வரிகளும் படுக்கைக் கோடுகள்தான், அவற்றில் ரேஞ்ச்ஃபைண்டர் சேராது. அதனால் நடு வரியில் ஒரு கோவில்பட்டித் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன் விளிம்பில் உருவத்தைச் சேர்த்தேன். பக்கத்தில் ஓர் அடிக்குச்சி. துளை முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஃபோகஸ் செய்து.

ஃபிலிமை உருப்பெருக்கியில் பார்த்தபோது தீப்பெட்டி நின்ற வரியில் கோரைகள் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. அங்கிருந்து பின்னால் போகப் போக ஒவ்வொரு கோரையாகப் பிரிந்து வந்து, ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளி, இரண்டு கோரைக்கு நடுவே ஓடும் பாவு நூலின் முறுக்குகூடத் தெரிந்தது. 45 பாகைச் சாய்வில் பாயின்மேல் 1.4 செ.மீ. என்பது ஆழத்தில் 1 செ.மீ. ஆக, சுமார் 3 செ.மீ. பின்னால். தாளில் போட்ட கணக்கு பாயில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் மறக்க முடியவில்லை.

சரிசெய்வதில் இரண்டு வழி இருக்கிறது. கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரைத் திருகி இந்த லென்ஸுக்கு ஏற்ப வளைப்பது ஒன்று. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படிச் செய்தால் எல்மார் கெட்டுப்போகும், இனி வாங்கப்போகிற ஒவ்வொரு லென்ஸும் கெட்டதாகவே தெரியும். உடலை அதன் தரத்தில் வைத்துவிட்டு லென்ஸைத்தான் திருத்த வேண்டும். அண்ணாச்சியும் அதையே செய்தார். யூபிட்டர்-3இன் கண்ணாடித் தொகுதிக்கும் ஃபோகஸ் குழாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய உலோக வளையம் இருக்கிறது. அதன் தடிமனை 0.05 மி.மீ. கூட்டினால் கண்ணாடி அந்த அளவு முன்னே வரும். ஒரு மீட்டரில் பிழை பாதியாகக் குறையும். அதற்கு விலை, முடிவிலியில் 0.05 மி.மீ. தவறுவது. தூரத்து மலையை எஃப் 1.5இல் யார் எடுக்கிறார்கள்? துளையை 4க்குக் குறைத்தால் 0.12 மி.மீ. இடம் கிடைத்துவிடுகிறது.

முழுத் திருத்தம் இந்த வழியில் கிடைக்காது. 0.8 மி.மீ. வேறுபாடு கண்ணாடியின் பிறவிக் குணம். எங்காவது ஒரு தூரத்தில் சரியாக்கினால் இன்னொரு தூரத்தில் அது வெளிப்படும். நாம் செய்வது எந்தத் தூரத்தில் முகங்களை அதிகம் எடுக்கிறோமோ அங்கே சரியாக்குவது. சோனார் வகை லென்ஸுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. துளையை 1.5இலிருந்து 2.8, 4 என்று குறைக்கும்போது கூர்மையின் தளமே சற்றுப் பின்னால் நகரும். அதனால் முழுத் துளையில் இம்மியளவு முன்னால் விழும்படி வைத்தாலும் தவறில்லை.

டிஜிட்டல் கேமராவில் இந்தப் பிழை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஃபிலிமுக்குக் கொஞ்சம் தடிமன் உண்டு, லேசான வளைவும் உண்டு. சென்சார் கண்ணாடிபோல் தட்டை. 2006இல் லைக்கா எம்8 வந்த பிறகு, பல ஆண்டுகள் ஃபிலிமில் குறை சொல்லாமல் உழைத்த லென்ஸ்களைக்கூட மக்கள் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் வைத்துப் பார்ப்பது லென்ஸ் கண்ணாடியின் தரத்தை அறிய உதவும். நெம்புகோலோடு அது ஒத்துப்போகிறதா என்பதை அங்கே அறிய முடியாது.

கடைசியாக, ரேஞ்ச்ஃபைண்டரின் சொந்தத் திறமை. இரண்டு ஜன்னல்களுக்கும் இடையிலான தூரத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கி வருவது அதன் உண்மையான அடித்தளம். 3எஃப்பில் சுமார் 39 மி.மீ., 1.5 மடங்கு பெருக்கம், ஆக 58 மி.மீ. எம்3இல் சுமார் 62. என்னிடம் இருக்கும் ஸோர்க்கி-4இல் 38தான். கண் ஒரு கலை அளவு, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறுவதாக வைத்துக்கொண்டால் ஸோர்க்கியில் 3 மீட்டர் தூரத்தில் 7 செ.மீ. பிழை வரும். 85 மி.மீ. எஃப் 2 யூபிட்டர்-9இன் கூர்மை அந்தத் தூரத்தில் இருபுறமும் 7 செ.மீ.தான். எல்லாம் சரியாக இருந்தும் விளிம்பில் நிற்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் இருக்கும் கண்ணாடியின் அரைவெள்ளிப் பூச்சு உரிந்து இரண்டாம் உருவம் வெளிறியிருந்தால் விளிம்புக்கு வெளியேதான். அதனால் அந்த லென்ஸை ஸோர்க்கியில் 4 துளைக்குக் கீழ் திறப்பதில்லை.

வளையம் மாற்றிய பிறகு பாயை மறுபடி விரித்துப் பார்த்தேன். கூர்மை தீப்பெட்டிக்கு 2 செ.மீ. பின்னால் வந்திருந்தது, ஆழத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தை எடுக்கும்போது உருவத்தைச் சேர்த்துவிட்டு ஒரு விரல் அளவு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். லென்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் “1 மீ. — 1.5 செ.மீ. பின்” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். தைப்பொங்கலுக்கு ஆச்சியை அதே திண்ணையில் உட்கார வைத்து எடுத்ததில் இமை மயிர் எண்ணும்படி விழுந்திருக்கிறது. பாம்படம் தெரியவில்லையே என்று ஆச்சிக்குத்தான் குறை.